முதலில் உட்காருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வலை பின்னிக்கொண்டே கேட்கிறவர்களுக்கும், கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினத்தில் அடுப்படியில் நின்று கேட்கிறவர்களுக்கும், வடக்கே தேவிபட்டினம், தொண்டி வரைக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

கடலோரக் கிராமம் ஒன்றில் 29 வருஷம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்தேன். அழுகிற பிள்ளையை எப்படிச் சமாளிப்பது என்பதைப் பற்றிப் பேசத்தான் இன்றைக்கு அழைத்திருக்கிறார்கள். சமாளிப்பது என்ற சொல் எனக்குப் பிடிக்காது. அழுகிற பிள்ளையோடு எப்படி இருப்பது என்று வைத்துக்கொள்கிறேன்.

வீட்டில் பிள்ளை புரண்டு அழும்போது நாம் எப்படி இருக்கிறோம் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நின்றுகொண்டிருக்கிறோம். ஒரு கை இடுப்பில், இன்னொரு கையில் கரண்டி. மூன்று வயதுப் பிள்ளை நம் இடுப்பு உயரம்தான் இருக்கும். அது அண்ணாந்து பார்த்தால் நம் தாடையும் மூக்குத் துவாரமும்தான் தெரியும். அங்கேயிருந்து ஒரு சத்தம் வருகிறது: "அழாதே! வாயை மூடு!" அழுகை கூடுமா, குறையுமா?

அதனால்தான் நான் போகிற இடமெல்லாம் ஒன்றே ஒன்றைச் சொல்வேன். முதலில் உட்காருங்கள். புத்திமதி அப்புறம், கண்டிப்பு அப்புறம். தரையில் உட்கார்ந்து, உங்கள் கண்ணைப் பிள்ளையின் கண் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். உட்கார்ந்ததும் மூச்சை இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுங்கள். நாலைந்து தடவை அப்படி விட்டால் உங்கள் நெஞ்சுப் படபடப்பு தணியும். பிள்ளைக்கு அது தெரியும். உங்கள் தோளும் குரலும் இறங்குவதை அது பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

பிடிவாதம், கொழுப்பு என்று சொல்கிறோமே, மூன்று வயதில் அது அப்படி இல்லை. கோபத்தை அடக்கி, பொறுமையாக யோசிக்க வைக்கிற மூளைப் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழுதாக முதிர்வதே 25 வயது வாக்கில்தான். இல்லாத பொறுமையைப் பிள்ளை எங்கே போய் எடுக்கும்? நம்மிடமிருந்துதான் கடன் வாங்க வேண்டும். நம்மிடமும் இல்லையென்றால்?

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பயிற்சி வகுப்பு இல்லை. என் வீட்டுக்காரர்தான். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அவர் விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். நான் சொல்கிற இந்தச் சம்பவம் நடந்தபோது 45 நாள்தான், மே 29-இல் முடிந்துவிடும். என் இளைய மகனுக்கு நாலு வயது. அந்த 45 நாளும் அப்பா தோளிலேயே கிடந்தான். சாப்பாடு அவர் கையால், தூக்கம் அவர் நெஞ்சில். படகு கிளம்புகிற நாள் வந்தது. அவர் வழக்கமாகக் கொண்டுபோகிற வயர் கூடையைக் காணோம். கைலி, டார்ச், துண்டு எல்லாம் அதில்தான் எடுத்து வைத்திருந்தேன். வீடு முழுக்கத் தேடினேன். பரண், கட்டிலடி, பாத்திரம் கழுவுகிற இடம் எங்கேயும் இல்லை. மகன் மட்டும் வாசற்படியில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். "நீதான் எடுத்தியா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினான். பொய் சொல்கிறான் என்று முகத்திலேயே தெரிந்தது. முதுகில் ஒரு அடி வைத்தேன். அவன் அழவில்லை. அழாமல் என்னையே பார்த்தான். அந்தப் பார்வை இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கூடையை அவர்தான் கண்டுபிடித்தார். கொல்லையில் கோழியைக் கவிழ்த்து வைக்கிற பஞ்சாரம் கவிழ்ந்தபடியே இருக்கிறது, கோழி மட்டும் வெளியே நிற்கிறது. பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே கூடை. நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, அந்த மண்ணிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மகனைக் கூப்பிட்டார்.

"அப்பா போறது பிடிக்கலையாடா?"

பையன் பேசவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது: "நீ போனா அவங்க பிடிச்சு வச்சுக்குவாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தடைக்காலம் முழுக்க எங்கள் திண்ணையில் ஆம்பளைகள் பேசியதெல்லாம் எல்லையில் படகு பிடிபட்ட கதைதான். பிள்ளை பக்கத்தில் கிளிஞ்சல் வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. விளையாடுகிறதே, இதெல்லாம் காதில் விழாது என்று நினைத்தோம். விழும். நாம் சொல்கிறதெல்லாம் விழும்.

அவர் "பயப்படாதே" என்று சொல்லவில்லை. "ஆமாடா, பயமாத்தான் இருக்கும்" என்றார். அப்போதுதான் பையன் உடைந்து அழுதான். அடித்தபோது வராத அழுகை அப்படி வந்தது. அழட்டும் என்று மடியில் வைத்துக்கொண்டு முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். படகிலிருந்து ஆள் வந்து அவரைக் கூப்பிட்டுவிட்டுப் போனார்கள். அப்போதும் அவர் எழுந்திருக்கவில்லை. அழுகை தேய்ந்து விம்மலானதும், "அப்பா போகத்தான் வேணும். கூடையில என்ன வைக்கணும்னு நீ சொல்லு" என்றார். பையன் ஓடிப்போய் ஒரு கிளிஞ்சலைக் கொண்டுவந்து துண்டுக்குள் வைத்தான்.

அவர் கடலுக்குப் போகாமல் இருக்கவில்லை, பாருங்கள். செல்லம் கொடுக்கச் சொல்கிறேன் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. போகத்தான் வேண்டும் என்பதில் அவர் மாறவில்லை. பிள்ளையின் பயத்தை மட்டும் பொய் என்று சொல்லவில்லை. மிட்டாய் கிடையாது என்றால் கிடையாதுதான். மிட்டாய் இல்லை என்று அழுவதற்கு மட்டும் தடை போடாதீர்கள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் காலையில் மகன் பக்கத்தில் உட்கார்ந்து, "நேத்து உன்னை அடிச்சது தப்பு. என்னன்னு கேட்டிருக்கணும்" என்றேன். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று என் மாமியார் சொன்னார். போகவில்லை. அதற்குப் பிறகுதான் அவன் என்னிடம் பொய் சொல்வது குறைந்தது.

1970-களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒன்று செய்து பார்த்தார். கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாயை, சில நிமிஷம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் வைத்திருக்கச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, கத்துகிறது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. போனைப் பார்த்துக்கொண்டே பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது நம் முகமும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அவர் கண்டதில் எனக்கு ஆறுதலான விஷயம் வேறு. நல்ல தாயும் குழந்தையும்கூட ஒருவருக்கொருவர் சரியாக ஒத்துப்போவது பத்தில் மூன்று பங்கு நேரம்தான். மீதி நேரம் பிசகுவதும் திரும்பச் சேர்வதும்தான். திரும்பச் சேர்வதுதான் முக்கியம்.

விடிவதற்கு முன்னே கடலில் பாசி எடுக்கப் போய், விரலில் சுற்றிய துணியோடு, உடம்பெல்லாம் உப்பு எரிய வீடு திரும்புகிற தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்களால் எப்போதும் முடியாது, எனக்குத் தெரியும். முடியாதபோது பக்கத்து வீட்டு அக்காவிடமோ பாட்டியிடமோ பிள்ளையைக் கொடுத்துவிட்டு, முகம் கழுவி, ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டு வாருங்கள். வந்து உட்காருங்கள்.

சரி, நேரம் முடியப் போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுகிறார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகளைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வயதில் எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். மீன் ஆயும்போது, வலை பிரிக்கும்போது, வண்டியில் போகும்போது, முகம் பார்க்காமல் பேசினால் அவர்களுக்குப் பேச்சு வரும். மார்க்கைப் பற்றி அப்போது கேட்காதீர்கள். உங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் 1098 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், கட்டணம் கிடையாது. பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும், இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.