கலப்படக் கடையின் பெயர் அச்சேறியபோது

வணக்கம் நேயர்களே. விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில் காப்பித்தூள் வாங்கினால் பெரும்பாலும் சிக்கரியும் சேர்ந்தே வரும். சிக்கரியைக் கலந்தால் எந்த வழியிலும் கண்டுபிடிக்க முடியாது என்று வேதியியலாளர்கள் சொன்னதாக, அப்போதைய நிதியமைச்சர் சார்லஸ் வுட் நாடாளுமன்றத்திலேயே அறிவித்தார். ஆர்தர் ஹில் ஹாசல் என்ற மருத்துவர் அதை ஏற்கவில்லை. தூளை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். காப்பிக்கொட்டையின் செல்கள் சிறியவை, தடித்த சுவர் கொண்டவை, உள்ளே எண்ணெய்த் துளிகள் தெரியும். சிக்கரி ஒரு வேர். அதன் செல்கள் பெரியவை, மெல்லியவை. ஒரே பார்வையில் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

'லான்செட்' மருத்துவ இதழின் ஆசிரியர் தாமஸ் வேக்லி இவரைப் பிடித்துக்கொண்டார். 1851 முதல் 1854 வரை ரொட்டி, பால், மிளகாய்த்தூள், மிட்டாய் என்று கடை கடையாக வாங்கிச் சோதித்தார்கள். ரொட்டியில் படிகாரம், மிளகாய்த்தூளில் செந்நிற ஈயம்! முடிவோடு கடைக்காரரின் பெயரையும் முகவரியையும் அச்சிட்டார்கள். சுத்தமான சரக்கு விற்றவர்களின் பெயரும் வந்தது. என்னைக் கேட்டால், பின்னால் வந்த எந்த அபராதத்தையும்விட வியாபாரிகளுக்கு வலித்தது இதுதான்.

அப்புறம் 1858-இல் பிராட்ஃபோர்டில் ஒரு பெருந்துயரம். சர்க்கரை விலை அதிகம் என்பதால் மிட்டாயில் ஜிப்சம் பொடி கலப்பது அங்கே வழக்கம். அதை வாங்கப் போனவருக்கு, மருந்துக்கடைப் பணியாள் தவறுதலாக 12 பவுண்டு ஆர்சனிக் என்ற நஞ்சை நிறுத்துக் கொடுத்துவிட்டார். மிட்டாய் பார்வைக்குச் சற்று வேறாக இருக்கவே, சந்தை வியாபாரி பேரம் பேசி விலையைக் குறைத்து வாங்கி விற்றார். சுமார் 20 பேர் இறந்தார்கள். 200 பேருக்கு மேல் நோயுற்றார்கள். வழக்கில் யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை.

1860-இல் சட்டம் வந்தது. ஆனால், கலப்படம் என்று தெரிந்தே விற்றதாக நிரூபிக்க வேண்டும். "எனக்கென்ன தெரியும், மொத்த வியாபாரி கொடுத்தான்" என்றால் போதும், தப்பிவிடலாம். உணவைச் சோதிக்கும் பகுப்பாய்வாளரை நியமிப்பதும் உள்ளாட்சிகளின் விருப்பம்தான். சரி, எத்தனை ஊர் நியமித்திருக்கும்?

1875-ஆம் ஆண்டுச் சட்டம் இதை மாற்றியது. வாங்குபவர் கேட்ட பொருளின் தன்மையும் தரமும் இல்லாததை விற்றாலே குற்றம். 20 பவுண்டு வரை அபராதம். அதிகாரி பொருளை வாங்கியதும், சோதனைக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும். மூன்றாகப் பிரித்து முத்திரையிடவும் முன்வர வேண்டும். ஒரு பங்கு கடைக்காரருக்கு, ஒன்று பகுப்பாய்வாளருக்கு, மூன்றாவது ஒப்பிட்டுப் பார்க்க. முடிவில் தகராறு வந்தால் மாதிரி லண்டன் சோமர்செட் மாளிகையின் அரசு ஆய்வகத்துக்குப் போகும். நம் நாட்டில் 1954-இல் வந்த உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்திலும் மாதிரியை இப்படித்தான் மூன்றாகப் பிரித்தார்கள். நன்றி, வணக்கம்.