கால்குலேட்டர் கணிதத் திறனை மறைப்பதில்லை

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, பொதுத் தேர்வில் கால்குலேட்டரை அனுமதிப்பது மாணவரின் கணிதத் திறனைக் காட்டுகிறதா, மறைக்கிறதா என்ற வழக்கில், காட்டுகிறது என்னும் அணிக்காகப் பேச வந்திருக்கிறேன். பொத்தானைத் தட்டினால் விடை வந்துவிடும், பிறகு பிள்ளைக்கு என்ன வேலை என்று எதிரணித் தலைவர் கேட்டார். அவர் முன் ஒரு கணக்கை வைக்கிறேன்.

கோபுரத்தின் அடியிலிருந்து 47 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு உச்சியின் ஏற்றக்கோணம் 60 பாகை, உயரம் என்ன? ஒரு மாணவி சரியாகப் படம் வரைந்து, சரியான விகிதத்தைத் தேர்ந்து, 47ஐ 60 பாகையின் tan மதிப்பான 1.732ஆல் பெருக்கும்போது மனதில் வைத்த ஒன்றைக் கூட்ட மறந்து, 81.404 என்பதற்குப் பதிலாக 71.404 என்று எழுதிவிடுகிறாள். அவளுக்கு முக்கோணவியல் தெரியும்; கால்குலேட்டர் இருந்திருந்தால் அது விடையிலும் தெரிந்திருக்கும். இன்னொரு மாணவன் பெருக்க வேண்டிய இடத்தில் வகுக்கிறான். கால்குலேட்டர் 27.14 என்று காட்டுமே தவிர, தவறு என்று தடுக்காது. கோணம் 45 பாகையைத் தாண்டினால் உயரம் தொலைவைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்று அறிந்தவருக்கே அந்தப் பிழை கண்ணில் படும். அந்த அறிவைத்தானே, நடுவர் அவர்களே, தேர்வு அளக்க வேண்டும்?

பெருக்கல் வாய்ப்பாடு மறந்துபோகும் என்ற எதிரணியின் அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. 79 ஆய்வுகளைத் தொகுத்து 1986இல் ஹெம்ப்ரீ, டெசார்ட் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட முடிவு, வழக்கமான பாடத்தோடு கால்குலேட்டரும் சேரும்போது அடிப்படைத் திறன்கள் மேம்படுகின்றன என்றது. நான்காம் வகுப்பை மட்டும் விலக்காகச் சொன்னது. அந்த விலக்கை நான் மனமார ஏற்கிறேன், ஏனெனில் கைக்கணக்கு படிய வேண்டிய வயது அது. 54 ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் எல்லிங்டன் கண்டது இன்னும் முக்கியமானது: கற்பித்தல், தேர்வு இரண்டிலும் கால்குலேட்டர் இருந்தபோதுதான் செய்முறைத் திறனும் கணக்கைத் தீர்க்கும் திறனும் உயர்ந்தன. ஆகவே ஆண்டு முழுவதும் வகுப்பில் தொடவிடாமல், தேர்வு நாளில் மட்டும் கையில் கொடுப்பதை எங்கள் அணியும் ஆதரிக்கவில்லை.

இங்கிலாந்து 11 வயதுப் பிள்ளைகளின் தேசியத் தேர்விலிருந்து 2014இல் கால்குலேட்டரை நீக்கியதை எதிரணி சான்றாகக் காட்டியது. அதே நாட்டில் 16 வயதில் எழுதும் பொதுத் தேர்வின் மூன்று கணிதத் தாள்களில் இரண்டில் கால்குலேட்டருக்கு இடமுண்டு என்பதை அவர்கள் சொல்லாமல் விட்டார்கள். சிங்கப்பூரோ தொடக்கப்பள்ளி இறுதித் தேர்விலேயே, 2009 முதல், முதல் தாளைக் கைக்கணக்குக்கும் இரண்டாம் தாளைக் கால்குலேட்டருக்கும் பிரித்துவிட்டது. எதிரணி காக்க விரும்பும் வாய்ப்பாடு முதல் தாளில் பத்திரமாக இருக்கிறது. நாங்கள் வாதாடுவது அந்த இரண்டாம் தாளுக்காக.