அறிவித்த நாளே சுதந்திர நாள்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, திருகோணமலைப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஒரு நாடு சுதந்திர தினமாகக் கொண்டாடத் தக்கது, மக்கள் தம் விடுதலையைத் தாமே அறிவித்த நாளா, அல்லது ஆண்ட வல்லரசு ஆட்சியை ஒப்படைத்த நாளா என்பதே இன்று நம்முன் உள்ள வழக்கு. அறிவித்த நாளே என்று வாதிட நான் எழுந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், ஆட்சி கைக்கு வராத நிலையில் வெறும் அறிவிப்பால் பயனில்லை என்றும், சட்டமும் பிற நாடுகளும் எந்த நாளை ஏற்கின்றனவோ அந்த நாளுக்கே மதிப்பு உண்டு என்றும் சொன்னார். அந்த வாதத்தை உலக வரலாற்றின் முன் நிறுத்திப் பார்ப்போம்.

முதலில் பிலிப்பைன்ஸுக்கு வாருங்கள். 1898 ஜூன் 12 ஆம் நாள், கவீத் என்ற ஊரில் எமிலியோ அகினால்டோவின் வீட்டில், ஸ்பெயினின் ஆட்சி முடிந்தது என்ற அறிவிப்பு வாசிக்கப்பட்டது, கொடி விரிக்கப்பட்டது, பின்னாளில் நாட்டுக் கீதமாக மாறிய இசை அன்று முழங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் பாரிஸில் கூடிய ஸ்பெயினும் அமெரிக்காவும், அந்தத் தீவுகளின் மக்களைக் கேட்காமலே, இரண்டு கோடி டொலருக்குக் கைமாற்றம் பேசி முடித்தன. அடுத்த ஆண்டு அமெரிக்காவுடன் போர் மூண்டது, பிலிப்பைன்ஸ் தோற்றது. பிறகு 1946 இல் அமெரிக்கா தானாக ஆட்சியை ஒப்படைத்தபோது தேர்ந்தெடுத்த நாள் ஜூலை 4. அது அமெரிக்காவின் சொந்தச் சுதந்திர தினம். பதினாறு ஆண்டுகள் அந்த நாளைக் கொண்டாடிய பின், 1962 இல் ஜனாதிபதி டியோஸ்டாடோ மக்கபகால் சுதந்திர தினத்தை ஜூன் 12 க்கு மாற்றினார். 1964 இல் அது சட்டமாயிற்று. சட்டமும் உலக நாடுகளும் ஏற்றுக்கொண்ட ஒப்படைப்பு நாளைக் கையில் வைத்திருந்த ஒரு நாடு, தோற்றுப்போன அறிவிப்பின் நாளுக்குத் திரும்பிச் சென்றது. இதற்கு எதிரணியினர் என்ன காரணம் சொல்வார்கள்?

காரணம் எனக்குத் தெரிகிறது. காணியை எழுதிக் கொடுப்பவர், கிணற்றையும் வழியையும் தம் பங்கில் நிறுத்திக்கொண்டு உறுதி எழுதுவதை நாம் அறிவோம். ஒப்படைக்கும் வல்லரசும் அப்படியே எழுதும். பிலிப்பைன்ஸில் அந்தக் கிணறு சூபிக் விரிகுடா. அமெரிக்கக் கடற்படை அங்கிருந்து புறப்பட்டது 1992 இல். இலங்கையில் அது எது என்பதை வேறெந்த ஊர் மேடையிலும் விளக்க வேண்டியிருக்கும், இந்த மேடையில் வேண்டியதில்லை. 1948 பெப்ரவரி 4 இல் நாடு சுதந்திரம் பெற்றது. ஆனால் முந்திய ஆண்டே கைச்சாத்தான பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி, இந்தத் துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் தளமாகவே 1957 வரை நீடித்தது. கொழும்பில் கொடி ஏறி ஒன்பது ஆண்டுகள் கழியும் வரை, கோணேசர் மலையடியில் நின்று கடலைப் பார்த்த ஒருவர் கண்டது வேற்று நாட்டுப் போர்க்கப்பல்களை. ஒப்படைத்த நாளே முழுமையான நாள் என்று நம் எதிரணியினர் இந்த ஊரில் நின்று சொல்வது எனக்கு உண்மையிலேயே வியப்பைத் தருகிறது.

இந்தியாவின் கதையும் இதற்கு நெருங்கியதுதான். காங்கிரஸ் 1930 ஜனவரி 26 ஐ முழு விடுதலை நாளாக அறிவித்து, ஊர் ஊராக மக்களை உறுதிமொழி எடுக்கச் செய்தது. ஆட்சி கைமாறும் நாளாக 1947 ஓகஸ்ட் 15 ஐத் தேர்ந்தவர் மவுண்ட்பேட்டன் பிரபு. ஜப்பான் சரணடைந்ததன் இரண்டாம் ஆண்டு நிறைவு என்பது அவருக்கு அந்த நாளின் சிறப்பு. அந்த அவசரத்தில் நடந்ததைப் பாருங்கள். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே பிரித்தானிய வழக்கறிஞர் ராட்கிளிஃப் வகுத்த எல்லைக்கோடு ஓகஸ்ட் 17 இல்தான் வெளியானது. அதனால் வங்காளத்தின் முர்ஷிதாபாத், மால்டா மாவட்டங்களில் முதலில் பாகிஸ்தான் கொடி ஏற்றப்பட்டுப் பின்னர் இறக்கப்பட்டது. தாம் எந்த நாட்டவர் என்பதே தெரியாமல் மக்கள் சுதந்திரத்துக்குள் நுழைந்தார்கள். தம் அரசியலமைப்பு நடைமுறைக்கு வரும் நாளைத் தாமே குறிக்கும் உரிமை வந்தபோது, இந்தியர்கள் தேடிச் சென்றது அந்த 1930 இன் ஜனவரி 26 ஐத்தான்.

அறிவிப்பு நிறைவேறாமல் போனால் அந்த நாளுக்கு என்ன மதிப்பு என்று எதிரணித் தலைவர் கேட்டார். மெக்சிக்கோவைக் கேட்கச் சொல்கிறேன். 1810 செப்டெம்பர் 16 அதிகாலையில், டொலோரெஸ் என்ற சிற்றூரின் பங்குத்தந்தை மிகெல் இதால்கோ ஆலய மணியை அடித்து மக்களை எழுச்சிக்கு அழைத்தார். அடுத்த ஆண்டே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலை கைகூடியது 1821 செப்டெம்பர் 27 இல். அன்று தலைநகருக்குள் படையை நடத்தி வந்த இதுர்பிதே, முன்பு ஸ்பெயினின் படை அதிகாரியாக இருந்து கிளர்ச்சியாளரை வேட்டையாடியவர். அந்த மக்கள் கொண்டாடுவது வெற்றி பெற்றவரின் நாளை அல்ல, கொல்லப்பட்டவரின் நாளை. அந்த டொலோரெஸ் மணியே தலைநகரின் தேசிய மாளிகை மாடத்துக்கு மேலே தொங்குகிறது. ஆண்டுதோறும் செப்டெம்பர் 15 இரவில் ஜனாதிபதி அதை ஒலித்து, இதால்கோ முதலான வீரர்களின் பெயர்களைச் சொல்லி வாழ்த்த, கீழே நிற்கும் பெருங்கூட்டம் ஒவ்வொரு பெயருக்கும் மறுகுரல் கொடுக்கிறது.

இந்தோனேசியாவும் அப்படியே: 1945 ஓகஸ்ட் 17 இல் சுகர்னோ வாசித்த அறிவிப்பு இரண்டே வாக்கியங்கள். நெதர்லாந்து இரண்டு படையெடுப்புகளை நடத்திய பின் 1949 டிசம்பர் 27 இல் இறைமையை ஒப்படைத்தது. ஒப்படைக்கும்போது பெருங்கடனையும் சேர்த்துத் தலையில் கட்டியது. இந்தோனேசியர் ஓகஸ்ட் 17 ஐ விட்டு அசையவில்லை. அறுபது ஆண்டுகள் கழிந்து 2005 இல், அந்த நாளின் விழாவுக்கு நெதர்லாந்தின் வெளியுறவு அமைச்சரே ஜகார்த்தாவுக்கு வந்தார்.

மறுபக்கத்துக்கு வலுச் சேர்க்கும் நாடுகளும் உண்டு. அவற்றை நான் மறைக்கவில்லை. அல்ஜீரியாவின் விடுதலையைப் பிரான்ஸ் 1962 ஜூலை 3 இல் ஏற்றுக்கொண்டது. அவர்கள் கொண்டாடுவதும் அதே வாரத்தில்தான். ஆனால் ஜூலை 3 அல்ல, ஜூலை 5. அல்ஜியர்ஸ் நகரம் 1830 இல் பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்த நாள் அது. வீழ்ந்த நாளையே எழுந்த நாளாக்கிக்கொண்டவர்கள், நாளைக் குறிக்கும் உரிமையைப் பிரான்ஸிடம் விட்டுவைக்கவில்லை.

பிற நாடுகளின் ஏற்பே முக்கியம் என்ற வாதத்துக்கு விடை ஹெயிட்டியில் இருக்கிறது. அடிமைகளாக இருந்தவர்கள் நெப்போலியனின் படையை முறியடித்து, 1804 ஜனவரி 1 இல் விடுதலையை அறிவித்தார்கள். பிரான்ஸ் அதை ஏற்றது 1825 இல். துறைமுகத்தில் போர்க்கப்பல்களை நிறுத்தி, பதினைந்து கோடி பிராங்கு இழப்பீடு கேட்டு, அதற்கு ஒப்புக்கொண்ட பின்னரே ஏற்றது. தாம் இழந்த தோட்டங்களுக்கும் மனிதர்களுக்கும் முன்னாள் முதலாளிகள் விலை கேட்டார்கள். பின்னர் ஒன்பது கோடியாகக் குறைக்கப்பட்ட அந்தக் கடன் தலைமுறை தலைமுறையாக அந்நாட்டை வாட்டியது. எதிரணியினரின் அளவுகோலின்படி ஹெயிட்டி மக்கள் 1825 ஐக் கொண்டாட வேண்டும். அவர்களோ ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் வீடுதோறும் பூசணிக்காய் சூப் காய்ச்சி, அயலவரோடு பகிர்ந்து குடிக்கிறார்கள். அடிமைக் காலத்தில் அதைச் சமைத்த கைகளுக்கு அது மறுக்கப்பட்டிருந்தது என்பது அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் வரலாறு.

இறுதியாக, எதிரணியில் பேசிய தங்கை எழுப்பிய கேள்வி. அறிவிப்பும் ஓர் அறைக்குள் கூடிய சிலர் எழுதியதுதானே என்றார். 1776 ஜூலை 4 இன் அமெரிக்க அறிவிப்பை எடுத்துக்காட்டினார். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதியவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள் என்பது உண்மை. அது கொடிய உண்மை. ஆயினும் 1852 இல், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ், ஜூலை 5 ஆம் நாள் ரோசெஸ்டர் நகரில் மேடையேறி, இந்த ஜூலை 4 அடிமைக்கு என்ன பொருள் தருகிறது என்று ஒரு நாட்டையே கேட்டார். அந்தக் கேள்வியை அவர் கேட்க முடிந்ததற்குக் காரணம், அன்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். கொடுத்த வாக்கை எடுத்துக்காட்டிக் கணக்குக் கேட்கலாம்.

ஒப்படைப்புச் சட்டத்தில் அத்தகைய வாக்கு இல்லை. இலங்கையின் சுதந்திரச் சட்டம் 1947 இல் வெஸ்ட்மின்ஸ்டரில் நிறைவேறியது; இந்த நாட்டின் மக்கள் யார் யார், அவர்கள் ஒருவருக்கொருவர் எதை உறுதியளிக்கிறார்கள் என்று ஊர் அறியச் சொல்ல வேண்டிய தேவை யாருக்கும் எழவில்லை. சுதந்திரம் வந்த அதே 1948 இல் குடியுரிமைச் சட்டம் வந்தது; தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான மலையக மக்கள் நாடற்றவர்களாயினர். அவர்களுக்காக எழுந்த வழக்கு, ஒரு சமூகத்துக்கு எதிராகப் பாகுபாடு காட்டும் சட்டங்களைத் தடுத்த, ஒப்படைத்தவர்கள் விட்டுச்சென்ற அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவைப் பற்றிக்கொண்டு, அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்று, 1953 இல் தோற்றது. பெப்ரவரி 4 ஆம் நாளில் மக்கள் மக்களுக்குச் சொல்லிய ஒரு வாக்கியமாவது இருந்திருந்தால் அந்தத் தோட்டத் தொழிலாளர் அதைக் கையில் எடுத்திருப்பார்கள். அப்படி ஒரு வாக்கியத்தை எதிரணியினர் காட்டட்டும். நடுவர் அவர்களே, என் வாதத்தை உங்கள் முன் வைத்து அமர்கிறேன். நன்றி, வணக்கம்.