படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்

நேயர்களுக்கு வணக்கம். வேலையை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் நம்பி வாழ முடியுமா என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் ஒரு வீட்டைப் பற்றித்தான் சொல்வேன். கிரீஸில், ஹைட்ரா தீவில், ஒரு கிணற்றை ஒட்டி இருந்த பழைய கல்வீடு. 1950-களின் நடுவிலிருந்து 1964 வரை அதில் குடியிருந்தவர்கள் இரண்டு ஆஸ்திரேலிய எழுத்தாளர்கள், கணவனும் மனைவியும்: ஜார்ஜ் ஜான்ஸ்டன், சார்மியன் கிளிஃப்ட். இந்தக் கதையை வழக்கமாக ஜார்ஜிலிருந்துதான் தொடங்குவார்கள். நான் இன்று சார்மியன் பக்கம் நின்று சொல்கிறேன்.

ஜார்ஜ் போர்முனைச் செய்தியாளராகப் பெயர் வாங்கியவர். 1951-ல் ஒரு சிட்னி பத்திரிகையின் லண்டன் அலுவலகப் பொறுப்பில் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தார். நல்ல சம்பளம், நல்ல வீடு, ஆனால் நாவல் எழுதக் கிடைத்ததெல்லாம் அலுவலகம் தின்றது போக மீந்த நேரம்தான். சார்மியனும் எழுத்தாளர், அதுவும் இருவரும் சேர்ந்து எழுதிய ஒரு நாவல் 1948-லேயே பரிசு வாங்கியிருந்தது. 1954 கடைசியில் வேலையை உதறிவிட்டு இரண்டு குழந்தைகளோடு கலிம்னோஸ் என்ற கிரேக்கத் தீவுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

கலிம்னோஸ் கடற்பஞ்சு எடுக்கிறவர்களின் ஊர். ஈஸ்டர் முடிந்ததும் ஆண்கள் படகேறி ஆப்பிரிக்கக் கரைப்பக்கம் போய்விடுவார்கள், குளிர்காலம் வரும் முன்தான் திரும்புவார்கள். ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்ததால் கை கால் விளங்காமல் போனவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். போதாததற்குச் செயற்கைப் பஞ்சு வந்து அந்தத் தொழிலின் அடிமடியிலேயே கை வைத்துக்கொண்டிருந்தது. அந்த ஊரில் இருந்து இருவரும் சேர்ந்து கடற்பஞ்சுக்காரர்களைப் பற்றி ஒரு நாவல் எழுதினார்கள். சார்மியன் தனியாக ‘மெர்மெய்ட் சிங்கிங்’ எழுதினார், 1956-ல் வெளிவந்தது. கலிம்னோஸ் பெண்களின் வீட்டுக்குள், அடுப்படிக்குள், பிரசவ அறைக்குள் போகக்கூடிய கண் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. ஜார்ஜுக்கு அந்தக் கதவுகள் திறந்திருக்காது.

அப்புறம் ஹைட்ரா. கார் கிடையாது, எல்லாம் கழுதையும் கோவேறு கழுதையும்தான். பழைய கப்பல் தலைவர்கள் கட்டிய பெரிய பெரிய வீடுகள் பாதி காலியாகக் கிடந்த காலம். கையில் மிஞ்சியிருந்த பணத்தைப் போட்டு ஒரு வீட்டை வாங்கினார்கள், விலை பேசியது தங்க பவுனில். அப்போது சார்மியன் மூன்றாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார். அந்த வருடம் பிப்ரவரி முதல் அக்டோபர் வரை நடந்ததை மாதம் மாதமாக எழுதியதுதான் ‘பீல் மீ எ லோட்டஸ்’. வீடு வாங்கியது, பிள்ளை பெற்றது, தண்ணீர் கவலை, பணக் கவலை, வராத காசோலை எல்லாம் அதில் இருக்கிறது.

அந்தப் பணக் கவலையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். எழுத்தாளருக்குச் சம்பள நாள் கிடையாது. லண்டனிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ பதிப்பாளர் அனுப்பினால் உண்டு. காலையெல்லாம் தட்டச்சு, மதியம் ஆனதும் துறைமுகத்துக்கு இறங்கி, ஏதென்ஸ் பக்கத்துத் துறைமுகமான பிரேயஸிலிருந்து வரும் கப்பலுக்காகக் காத்திருப்பு, ஏனென்றால் தபால் அதில்தான் வரும். காத்திருக்கும் இடம் கட்சிகாஸ் மளிகைக் கடை. முன்னால் சாமான், பின்னால் நாலு மேஜை. அந்தக் கடையில் எழுதிவைத்த கடன் கணக்கில்தான் பல மாதம் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. இதோடு ஜார்ஜ் காசுக்காகத் துப்பறியும் நாவல்கள் வேறு எழுதித் தள்ளினார், வேறு பெயரில். மகள் ஷேன், மூத்த மகன் மார்ட்டின் இருவர் பெயரையும் சேர்த்து ‘ஷேன் மார்ட்டின்’ என்று வைத்துக்கொண்டார். பிள்ளைகளுக்குச் சோறு போட எழுதிய புத்தகத்துக்குப் பிள்ளைகளின் பெயர். எனக்கு அது மிகவும் பிடித்த விஷயம்.

1960-ல் ஓர் இளம் கனடியக் கவிஞர், லியனார்ட் கோஹன், இந்தத் தீவில் வந்து இறங்கியபோது அவருக்குக் கை கொடுத்ததும் இந்த வீடுதான். தங்க இடம் கொடுத்தார்கள், அவர் தனி வீடு பார்த்ததும் மேஜை நாற்காலி கொடுத்தார்கள். மற்றவர்களைவிட அதிகம் குடித்தார்கள், அதிகம் எழுதினார்கள், அதிகம் நோயில் விழுந்தார்கள், அதிகம் உதவினார்கள் என்ற பொருளில் கோஹன் பின்னாளில் அவர்களைப் பற்றிச் சொன்னார். நோய் என்றது சும்மா இல்லை. 1959-ல் ஜார்ஜுக்குக் காசநோய் என்று தெரிந்துவிட்டது.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். உடம்பு முடியாமல், கையில் காசும் இல்லாமல், ஜார்ஜ் தன் மெல்பர்ன் இளமையைப் பற்றி ‘மை பிரதர் ஜாக்’ எழுத உட்கார்ந்தார். அவர் எழுதும் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு படி. மாதக்கணக்கில் சார்மியன் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தார். எழுதியதைக் கேட்க, பேசி விவாதிக்க, அந்தக் காலத்துத் தெருவையும் வீட்டையும் அவர் நினைவிலிருந்து தோண்டி எடுக்க வைக்க. அப்போது சார்மியனுக்கும் கையில் ஒரு நாவல் இருந்தது, தன் சொந்த ஊரான கடலோரச் சிற்றூர் கியாமாவில் கழிந்த குழந்தைப் பருவத்தை வைத்து. அதை மூடி வைத்துவிட்டுத்தான் படியில் போய் உட்கார்ந்தார்.

‘மை பிரதர் ஜாக்’ 1964-ல் வந்தது, மைல்ஸ் ஃபிராங்க்ளின் விருது வாங்கியது, ஆஸ்திரேலியாவில் இன்றும் படிக்கிறார்கள். அருமையான நாவல், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அந்த வருடமே குடும்பம் ஆஸ்திரேலியா திரும்பியது. சார்மியன் சிட்னி பத்திரிகை ஒன்றில் வாரம்தோறும் பத்தி எழுதினார், வாசகர்கள் கொண்டாடினார்கள். ஜார்ஜ் நாவலைத் தொலைக்காட்சித் தொடராக மாற்றி எழுதியதும் அவர்தான். தன் நாவலுக்கு மட்டும் திரும்ப முடியவே இல்லை. 1969 ஜூலையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 45. காரணம் இதுதான் என்று வெளியிலிருந்து ஒருவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது, நானும் சொல்லவில்லை. அடுத்த வருடம் ஜார்ஜும் போய்விட்டார்.

அந்த வீட்டில் முதலாளி கிடையாது, அலுவலக மணி கிடையாது, இருவரும் சுதந்திர எழுத்தாளர்கள்தான். ஆனால் தண்ணீர் தீர்ந்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், கணவர் படுத்துவிட்டால், முதலில் யாருடைய தாளைத் தட்டச்சிலிருந்து உருவ வேண்டியிருந்தது? அதனால்தான், வேலையை விடலாமா என்று ஒரு தம்பதி கேட்டால், மாதச் செலவுக்கு என்ன வழி என்று கேட்கும் அதே மூச்சில், காலை நேரம் யாருக்கு என்று பேசி முடித்தீர்களா என்றும் கேட்கிறேன். பதில் வராமல் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததும் உண்டு.

மூடி வைத்த அந்த நாவல், ‘தி எண்ட் ஆஃப் தி மார்னிங்’, முடியாத நிலையிலேயே 2024-ல் புத்தகமாக வந்தது. ஆங்கிலம் படிக்கிறவர்கள் முதலில் ‘பீல் மீ எ லோட்டஸ்’ படியுங்கள், அப்புறம் இதை எடுங்கள். ஜார்ஜின் நாவலை அதற்குப் பிறகு படிக்கலாம். நன்றி, வணக்கம்.