மூளை மொத்தம் எத்தனை ஜிபி?

வணக்கம். மூளையைப் பற்றிப் பேசப் போனால் கடைசியில் யாராவது எழுந்து, "சார், மூளை மொத்தம் எத்தனை ஜிபி?" என்று கேட்டுவிடுவார்கள், அதனால் இன்றைக்கு அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். 2.5 பெட்டாபைட் என்று உங்கள் வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கலாம். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் 2,500 வாங்கி அடுக்கினால் எவ்வளவோ அவ்வளவு.

அதைச் சொன்னவர் பால் ரீபர், அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர். 2010-ல் சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையில் எழுதினார். ஒரு நியூரான், அதாவது மூளையின் நரம்புச் செல், ஒரு நினைவுக்கு மட்டும்தான் என்றால் பென் டிரைவ் மாதிரி சில ஜிபிதான் தேறும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரே சமயத்தில் பல நினைவுகளுக்கு உதவுகிறது, அதனால் கணக்கு எங்கேயோ போய்விடுகிறது என்றார். முப்பது லட்சம் மணி நேர டிவி நிகழ்ச்சி கொள்ளுமாம். இது அளந்து எடுத்த எண் அல்ல, ஒரு மதிப்பீடு. வாட்ஸ்அப்புக்கு வரும்போது அந்த வார்த்தை மட்டும் உதிர்ந்துவிடுகிறது!

உண்மையிலேயே அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். கலிபோர்னியாவில் சால்க் ஆய்வு நிலையத்தில் டெரி செஜ்னோவ்ஸ்கியின் குழு, எலியின் ஹிப்போகாம்பஸில், அதாவது நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியில், கண்ணுக்கே தெரியாத அளவு துணுக்கை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்து, அதிலிருந்த சினாப்ஸ்களை, அதாவது ஒரு நியூரான் இன்னொன்றோடு பேசும் இடங்களை, முப்பரிமாணத்தில் கட்டிப் பார்த்தது. சில இடங்களில் ஒரே நரம்பிழை ஒரே கிளையை இரண்டு முறை தொட்டது. இரண்டுக்கும் வந்துபோன சமிக்ஞை ஒன்றேதான், அந்த இரண்டு சினாப்ஸ்களின் அளவு எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று பார்த்தால், சராசரியாக சுமார் 8 சதவீதம்தான்! இவ்வளவு துல்லியம் என்றால், மிகச் சிறியதிலிருந்து மிகப் பெரியதுவரை 26 அளவுகளைத் தனித்தனியாகப் பிரித்தறியலாம். கம்ப்யூட்டரில் ஒரு பிட் 0 அல்லது 1; இங்கே 26 நிலைகள், அதனால் ஒரு சினாப்ஸுக்குச் சுமார் 4.7 பிட். 2016-ல் இது செய்தியானபோது, மூளைக்குக் குறைந்தது ஒரு பெட்டாபைட் என்று சொல்லப்பட்டது.

சரி, இப்போது எதிர்ப்பக்கம். 1986-ல் தாமஸ் லாண்டவர் என்ற உளவியல் ஆய்வாளர் மூளைக்குள்ளே போகவே இல்லை. மனிதர்கள் படித்ததில், பார்த்த படங்களில், பிறகு எவ்வளவு தங்குகிறது என்ற சோதனைகளை வைத்துக் கணக்குப் போட்டார். நொடிக்குச் சுமார் இரண்டு பிட். வாழ்நாள் முழுக்கச் சேர்த்தால் ஏறக்குறைய 100 கோடி பிட், அதாவது 125 எம்பி. உங்கள் போனில் ஒரு கல்யாண வீடியோகூட அதில் அடங்காது!

ரீபரின் எண்ணுக்கும் லாண்டவரின் எண்ணுக்கும் இடையே இரண்டு கோடி மடங்கு. யார் சொன்னது சரி என்று கேட்டால், இருவரும் கணக்குப் போட்டது வேறு வேறு விஷயத்துக்கு. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்களே, ரீபர் கணக்குப் போட்டது சட்டிக்கு, லாண்டவர் பார்த்தது அகப்பையில் வந்ததை.

அப்புறம், வருவதும் போட்டதேதானா? 1974-ல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 150 மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் காட்டினார்கள். கார்கள் "இடித்துக்கொண்டபோது" என்ன வேகம் என்று 50 பேரிடமும், "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்று வேறு 50 பேரிடமும் கேட்டார்கள். மீதி 50 பேரிடம் வேகத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டால், "இடித்துக்கொண்ட" கூட்டத்தில் 7 பேர் ஆமாம் என்றார்கள், "நொறுங்கிய" கூட்டத்தில் 16 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. கேட்ட கேள்வியும் சேர்ந்து நினைவாகிவிட்டது. யார் எப்படிக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரு ஹார்ட் டிஸ்க் ஃபைலை மாற்றிக் கொடுத்தால், மறுநாளே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவோம்.