சூடான மசாலா ஒயின்: பாகு கொதிக்கட்டும், ஒயின் வேண்டாம்

[காட்சி: அடுப்பில் ஸ்டீல் பாத்திரம். கருஞ்சிவப்பு ஒயினில் ஆரஞ்சுத் தோல் மிதக்கிறது, மேலே லேசான ஆவி.]

டிசம்பர் மாதம் ஜெர்மனியின் கிறிஸ்துமஸ் சந்தைக்குள் நுழைந்தால், கடைகள் கண்ணில் படுவதற்கு முன்பே பட்டையும் கிராம்பும் மூக்கில் ஏறிவிடும். அது க்ளூவைன், அதாவது மசாலா போட்டுச் சூடாக்கிய ஒயின். ஸ்வீடனில் இதையே க்ளோக் என்ற பெயரில், கோப்பையில் உலர்திராட்சையும் தோல் நீக்கிய பாதாமும் போட்டு, கூடவே ஒரு சின்னக் கரண்டியும் வைத்துத் தருவார்கள். பண்டிகைக்கு நாலு பேர் வீட்டுக்கு வரும்போது செய்ய இதைவிடச் சுலபமான பானம் இல்லை. கெடுப்பதும் சுலபம்தான். ஒயினைக் கொதிக்க விட்டால் போதும்.

[காட்சி: தெர்மாமீட்டர், 78 என்ற எண்.]

ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும், அதைத் தாண்டினால் போதையெல்லாம் பறந்துவிடும் என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த 78 சுத்தமான எத்தனாலுக்கு உரிய கணக்கு. ஒயினில் பெரும்பகுதி தண்ணீர், அதனால் அது கொதிக்க 90 டிகிரிக்கு மேல் போக வேண்டும். அப்போதும் ஆல்கஹால் ஒரேயடியாக ஓடிவிடாது. சமைத்த உணவில் எவ்வளவு ஆல்கஹால் மிஞ்சும் என்று அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை ஒன்று உண்டு. அதன்படி அரை மணி நேரம் கொதித்த பிறகும் சுமார் 35 சதவீதம் தங்கியிருக்கும். ஆகவே, ‘நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டோம், குழந்தைகளுக்கும் ஒரு வாய் கொடுக்கலாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்படியானால் கொதிக்க விடுவதில் என்ன நஷ்டம்? ஒயினின் பழ வாசனை முதலில் போய்விடும். பின்னாலேயே புளிப்பும் துவர்ப்பும் தூக்கலாகும். கடைசியில் கோப்பையில் இருப்பது கஷாயம்.

ஆனால் பட்டையிலிருந்தும் கிராம்பிலிருந்தும் சாரம் இறங்க நல்ல சூடு வேண்டுமே? அதற்குத்தான் சர்க்கரைப் பாகு.

[காட்சி: சின்னப் பாத்திரத்தில் தண்ணீர், சர்க்கரை, மசாலா.]

750 மில்லி பாட்டில் ஒன்றுக்கு 150 மில்லி தண்ணீர், 80 கிராம் சர்க்கரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு துண்டு பட்டை, ஒரு அன்னாசிப்பூ, லேசாகத் தட்டிய ஏலக்காய் மூன்று. கிராம்பு ஐந்து போதும், கை தாராளமாக வேண்டாம். கிராம்பில் இருக்கும் யூஜெனால் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் அதே சரக்கு. கூடிப்போனால் நாக்கு மரத்து, வேறு எந்த மசாலாவும் தெரியாது. எல்லாம் முழுசாகவே இருக்கட்டும். பொடி போட்டால் பானம் கலங்கிவிடும், வடிகட்டினாலும் அடியில் நறநறக்கும்.

[காட்சி: மிக அருகில். தோல் சீவி ஆரஞ்சின் மேல் மெல்ல இறங்குகிறது.]

இப்போது ஆரஞ்சு. வட்ட வட்டமாக நறுக்கிப் போட்டால் படத்துக்கு அழகாக இருக்கும், வாய்க்குக் கசக்கும். தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதிதான் கசப்பு. மணம் முழுக்க மேலே இருக்கும் நிறத் தோலில் இருக்கிறது. அதை மட்டும் நீளமாகச் சீவுங்கள். ஒரு சீவலைப் பாத்திரத்துக்கு மேலே பிடித்து வளைத்துப் பாருங்கள், பனித்துளி மாதிரி எண்ணெய் தெறிக்கும். அதுவும் பாகுக்குள்ளேயே விழட்டும். பழத்தைப் பிழிந்து சாற்றையும் ஊற்றுங்கள்.

இந்தப் பாகு தாராளமாகக் கொதிக்கலாம், இதில் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. பத்து நிமிடத்தில் பாதியாக வற்றும், வாசனை சமையலறையைத் தாண்டி ஹாலுக்கு வந்திருக்கும். சரி, இனி தீயைக் குறைத்து ஒயினை ஊற்றலாம்.

எந்த ஒயின்? விலை உயர்ந்தது வேண்டவே வேண்டாம். மசாலா ஏறிய பிறகு அதன் நுட்பம் எதுவும் தெரியப்போவதில்லை. அதற்காக, தனியாகக் குடிக்கவே முடியாத ஒயினையும் இதில் தள்ளிவிட முடியாது, சூடு அதன் குறைகளைக் கூட்டித்தான் காட்டும். பழச்சுவை தூக்கலாக, துவர்ப்பு குறைவாக இருக்கும் சிவப்பு ஒயின் சரியாக வரும். மெர்லோ, கார்னாஷா இரண்டும் நல்ல தேர்வு. ஓக் பீப்பாயில் ஊறி மர வாசனை ஏறியவை இதற்குச் சரிப்படாது. அப்புறம், பாத்திரம் ஸ்டீலோ எனாமலோ இருக்கட்டும். ஒயின் புளிப்பு, வெறும் அலுமினியத்தோடு ஒத்துப்போகாது.

[காட்சி: பாத்திர ஓரம், நெருக்கத்தில். சுவரை ஒட்டிச் சின்னச் சின்னக் குமிழிகள்.]

70 டிகிரி இலக்கு. தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஓரத்தைப் பாருங்கள். ஆவி எழும்பி, குண்டூசித் தலை அளவுக் குமிழிகள் ஓரத்தில் ஒட்டியிருந்தால் சரியான பதம். நடுவிலிருந்து குமிழி கிளம்பினால் உடனே அடுப்பிலிருந்து இறக்கிவிடுங்கள். இருபது நிமிடம் இந்தச் சூட்டில் மூடி வைத்து, ருசி பார்த்து, வேண்டுமானால் சர்க்கரை சேர்க்கலாம். பிறகு வடிகட்டிவிடுங்கள். மாலை முழுக்க மசாலா உள்ளேயே கிடந்தால் கடைசிக் கோப்பையில் கிராம்பைத் தவிர வேறெதுவும் இருக்காது. விருந்தாளிகள் ஒவ்வொருவராக வருவார்கள் என்றால் வடிகட்டியதைப் பிளாஸ்கில் ஊற்றி வைப்பதுதான் நல்லது, அடுப்பையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஜெர்மனியில் இதையே ஒரு வேடிக்கையாகவும் செய்வார்கள். பாத்திரத்தின் மேல் சர்க்கரைக் கூம்பை வைத்து, ரம்மில் நனைத்துத் தீ வைப்பார்கள். உருகிய சர்க்கரை சொட்டுச் சொட்டாக ஒயினில் விழும். ஃபாயர்சாங்கன்போலே என்று பெயர். பார்க்கப் பிரமாதம், ஆனால் திரைச்சீலை இருக்கும் வீட்டில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மது தொடாதவர்களுக்கும், வண்டி ஓட்டிப் போகிறவர்களுக்கும், குழந்தைகளுக்கும் இதே மசாலாவில் தனியாக ஒரு பாத்திரம் வையுங்கள். ஒயினுக்குப் பதில் கருப்புத் திராட்சைச் சாறு, பாகில் சர்க்கரை கால்வாசி, இறக்கியதும் ஒரு எலுமிச்சை பிழிந்தால் சாற்றின் திகட்டல் அடங்கிவிடும். இரண்டு பாத்திரத்துக்கும் நிறம் ஒன்றுதான், எது எதுவென்று மறக்காமல் சீட்டு ஒட்டிவிடுங்கள்.