வார்டிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

புற்றுநோய் ஆராய்ச்சி ஆய்வுக்கூடத்தில் பிறந்து, பிறகு நோயாளியிடம் வந்து சேர்கிறது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். நடந்த வரலாறு வேறு. 1960-இல் ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும், நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் கண்டவர்களின் ரத்த அணுக்களில் வழக்கத்துக்கு மாறாகச் சிறுத்திருந்த ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொண்டதே அதற்குக் காரணம் என்று ஜேனட் ரவ்லி 1973-இல் காட்டினார். அந்த மாற்றத்தால் உருவாகும் புரதத்தை அடக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2001-இல் அனுமதி கிடைத்தது. நாற்பதாண்டுக்கு மேற்பட்ட இந்தப் பயணம் தொடங்கியது நோயாளிகளின் ரத்தத்தில்தான்.

நம் மதுரையில் ராஜாஜி மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. தேனி சாலையில், பேருந்தில் போய் வரும் தூரத்தில், காமராசர் பல்கலைக்கழகமும் இருக்கிறது. இவற்றை இணைப்பது புதிய கட்டடம் அன்று, ஒரு துண்டுச் சதை என்பதே என் கருத்து.

மார்பகக் கட்டியிலிருந்து பயாப்சி என்னும் திசுச் சோதனைக்காக எடுத்த சதையை எண்ணிப் பாருங்கள். அதை ஒரு மணி நேரத்துக்குள், சதை கெடாமல் காக்கும் பத்து சதவீத ஃபார்மலின் கரைசலில் இட வேண்டும்; ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மிகாமலும் அதில் ஊற வேண்டும். வெறும் உப்புநீரில் போட்டு மறுநாள் பேருந்தில் அனுப்பினால், எந்த மருந்து பலன் தரும் என்று காட்டும் ஹார்மோன் ஏற்பியும் ஹெர்2 புரதமும் கட்டியில் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். அந்தப் பெண்ணுக்குப் பலன் தரக்கூடிய மருந்து எழுதப்படாமலே போகும். அதே சதையை நம்பி ஆராயும் மாணவரின் முடிவும் பிழையாகும். சிகிச்சைக்கு வேண்டிய ஒழுங்கும் ஆராய்ச்சிக்கு வேண்டிய ஒழுங்கும் ஒன்றே.

சதையோடு கதையும் வர வேண்டும். புகையிலை மென்றாரா, எத்தனை சுற்று கீமோ முடிந்தது, இடையில் ஏன் வராமல் நின்றார் என்பவை இல்லாமல், சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கால் மட்டும் ஆய்வாளருக்குக் கிடைப்பது பாதியே. உசிலம்பட்டியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் மஞ்சள் பையில் ஃபைலைச் சுமந்து வரும் அம்மாவிடம், அவருடைய சதையை ஆய்வுக்கும் பயன்படுத்தலாமா என்று அவருக்குப் புரியும் தமிழில் கேட்டு, அவர் மறுத்தாலும் சிகிச்சையில் குறை வராது என்று சொல்லிவிட வேண்டும்.

ஆகவே மருத்துவ மாணவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: சதையை எடுத்த நேரத்தையும் ஃபார்மலினில் இட்ட நேரத்தையும் விண்ணப்பத் தாளில் நீங்களே எழுதுங்கள். ஆய்வு மாணவர்கள் மாதம் ஒரு முறையேனும் புற்றுநோய்ப் புறநோயாளிகள் பிரிவில் வந்து அமருங்கள்.